ஒன்றரை நிமிடம் கழித்து மூச்சு வாங்கும் என்ஜின்

தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். நண்பர்கள் மூவர் சேர்ந்து, மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில், அலுமினியக் குழாயும் துணியுமாக இரண்டு பேர் அமரும் சிறு விமானம் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். என்ஜின் பழைய ரோட்டாக்ஸ் 582, இரட்டைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். இன்னும் பறக்கவில்லை, வாலைக் கம்பத்தில் கட்டிவைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 6,200 சுற்று வருகிறது. ஒன்றரை நிமிடம் அருமையாக ஓடிவிட்டு, பிறகு 5,400-க்கு இறங்கித் திணறுகிறது. திணறுவதற்குச் சற்று முன்னால் பின்சிலிண்டரின் சைலன்சர் வெப்பம் 610 பாகையிலிருந்து 680-க்குப் போகிறது. த்ராட்டிலைக் குறைத்து அரை நிமிடம் விட்டால் ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஓடுகிறது. பிளக்குகளை மாற்றியிருக்கிறார்கள். இக்னிஷன் பெட்டியை மாற்றியிருக்கிறார்கள். கார்புரேட்டர்களை மூன்று முறை கழுவியிருக்கிறார்கள். பெட்ரோல் போதவில்லையோ என்று, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டையும் ஒரு அளவு பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அதன் பிறகு ஒரு நிமிடத்திலேயே திணறுகிறதாம். "அடுத்து எதை மாற்றுவது, ஐயா?" என்பது கேள்வி.

அடுத்து எதையும் மாற்றாதீர்கள், தம்பி. இதுவரை மாற்றியதே அதிகம். உங்கள் என்ஜின் நோயைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டது, கேட்கத்தான் ஆளில்லை.

நான் தொழில் கற்றது காசிமேட்டில், அப்பாவின் அவுட்போர்டு மோட்டார் பட்டறையில். பிறகு சிறு விமானங்களின் பிஸ்டன் என்ஜின்களோடு இருபத்தெட்டு ஆண்டுகள். இரண்டு இடத்திலும் பார்த்தது ஒன்றுதான்: கெட்டுப்போன என்ஜினை விட, சரிசெய்கிறேன் என்று நான்கு பேர் கைவைத்த என்ஜின்தான் அதிகம் படுத்தும். ஒரே நாளில் மூன்று பொருளை மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மோசமானாலும் எதனால் என்று தெரியாது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம். நேரம், சுற்று, இரண்டு சிலிண்டர் வெப்பம், நீர் வெப்பம், அன்றைய வெயில். எல்லாவற்றையும் எழுதுங்கள்.

இப்போது நீங்கள் தந்த குறிப்புகளுக்கு வருவோம்.

பிளக்கின் தீப்பொறி கெட்டுப்போனால் அது கடிகாரம் பார்த்துக் கெடாது. 582-இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். இரண்டு தனித்தனி இக்னிஷன் சுற்றுகள். இரண்டும் ஒரே நொடியில் சோர்ந்து, அரை நிமிட ஓய்வில் ஒன்றாக எழுந்து உட்காருவது நடக்காத காரியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய காரியம். அந்தப் பெட்டிக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

ஒன்றரை நிமிடம் என்பதுதான் சாவி. இந்த என்ஜின் முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 27 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். நிமிடத்துக்கு 450 மில்லி. இரண்டு கார்புரேட்டர் என்பதால் ஒன்றுக்கு 225. ஒவ்வொரு கார்புரேட்டரின் அடியிலும் ஒரு கிண்ணம் இருக்கிறது. அதில் பயன்படக்கூடிய பெட்ரோல் 50 மில்லி என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து வரவேண்டிய 225-க்குப் பதில் 190 மில்லிதான் வருகிறது என்றால், நிமிடத்துக்கு 35 மில்லி பற்றாக்குறை. அந்தக் குறையைக் கிண்ணம் தன் கையிருப்பிலிருந்து ஈடுகட்டும். எவ்வளவு நேரம்? ஐம்பதை முப்பத்தைந்தால் வகுங்கள். ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

மாதச் சம்பளம் போதாத வீட்டில் சேமிப்பை எடுத்துச் செலவழிப்பது போன்றது இது. இருபதாம் தேதி வரை யாருக்கும் எதுவும் தெரியாது. நீங்கள் ஜெட்டைப் பெரிதாக்கினீர்கள். அதாவது செலவைக் கூட்டினீர்கள். சேமிப்பு இன்னும் சீக்கிரம் தீர்ந்தது. ஜெட் சிறியதாக இருந்து பெட்ரோல் போதவில்லை என்றால், முதல் நொடியிலிருந்தே வெப்பம் ஏறியிருக்கும். பெரிய ஜெட் போட்டதும் குறைந்திருக்கும். உங்களுக்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. ஆக, கார்புரேட்டருக்குள் குற்றமில்லை. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வந்து சேரும் வழியில்தான் குற்றம். பழைய ஜெட்டையே திரும்பப் போட்டுவிடுங்கள்.

த்ராட்டிலைக் குறைத்ததும் தெளிவதும் இதனால்தான். குடிப்பது குறைந்ததும் கிண்ணம் மறுபடி நிரம்புகிறது. பின்சிலிண்டர் முதலில் சூடாவது, அந்தப் பக்கக் கிளைக்குழாய்க்குப் பெட்ரோல் சற்றுக் குறைவாகப் போவதால் இருக்கலாம். பற்றாக்குறை வந்தால் வரிசையின் கடைசி ஆளுக்குத்தானே முதலில் இல்லை என்பார்கள்.

டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள வழியை இரண்டாக வெட்டித் தேட வேண்டும். முனையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வருவது பொழுதுபோகாதவர்கள் செய்கிற வேலை. உங்கள் விமானத்தில் கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லதாயிற்று. காசிமேட்டில் எந்தப் பைபர் படகிலும் பெட்ரோல் கேனுக்கும் மோட்டாருக்கும் நடுவே அதே உருண்டைதான் தொங்கும். கடலுக்கு நடுவில் மோட்டார் திணறினால், படிக்காத பையன்கூட முதலில் அந்த உருண்டையைத் தொட்டுத்தான் பார்ப்பான். நீங்களும் அதையே செய்யுங்கள். இருக்கையில் அமர்ந்தபடி கையெட்டும் இடத்தில் உருண்டை இருக்க வேண்டும். ஓடும் என்ஜினுக்குப் பக்கத்தில் நின்று யாரும் கையை நீட்டக் கூடாது. முழு த்ராட்டில் கொடுத்து ஒரு நிமிடம் கழிந்ததும் உருண்டையைத் தொடுங்கள். சப்பிப்போய், இலந்தைவடை போலத் தட்டையாகக் கிடந்தால், அடைப்பு டேங்க் பக்கம்: பம்ப் இழுக்கிறது, பின்னாலிருந்து வரவில்லை. உருண்டை இயல்பாக இருந்து, அமுக்கிக் கொடுத்தால் என்ஜின் தெளிந்தால், டேங்க் பக்கம் நன்றாக இருக்கிறது. பம்பு சோம்பலாக இருக்கிறது. அமுக்கியும் தெளியவில்லை என்றால் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் இடையே பாருங்கள். ஐந்து நிமிடச் சோதனை. செலவு ஒன்றுமில்லை.

உருண்டை சப்பியதாகவே வைத்துக்கொள்வோம். என் ஊகம் அதுதான். அடுத்த ஓட்டத்தில் டேங்கின் மூடியைத் தளர்த்தி வையுங்கள். மூடியைத் திறந்ததும் நோய் போய்விட்டால் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போனால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டேங்கே உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். இந்தக் குழாயின் முதல் எதிரி குளவி. வயலும் உப்பங்கழியும் உள்ள உங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. சின்னக் குழாய்த் துளையைக் கண்டால் இரண்டே நாளில் மண்ணைக் குழைத்து அடைத்து, உள்ளே புழுவையும் வைத்துவிட்டுப் போய்விடும். பார்க்க அழகாகப் பூசியிருக்கும், கொத்தனார் தோற்றார். ஓட்டாத நாட்களில் குழாயின் வாயில் சிவப்புத் துணி கட்டிய ஒரு மூடி இருக்கட்டும். ஓட்டும்போது அதைக் கழற்ற மறந்தால் அதே நோய் வரும் என்பதால்தான் சிவப்பு.

மூடியைத் திறந்தும் தீரவில்லை என்றால், ஐந்து லிட்டர் சுத்தமான கேன் ஒன்றையும், புதிய ஹோஸ் ஒரு மீட்டரையும் எடுத்து, டேங்க், பில்டர், குழாய்த் திறப்பு எல்லாவற்றையும் தாண்டி, நேராகப் பம்பின் வாயில் பொருத்துங்கள். கேனை நன்றாகக் கட்டிவையுங்கள், சைலன்சரிலிருந்து எட்டவே இருக்கட்டும், பக்கத்தில் தீயணைப்பான் பிடித்த ஆள் ஒருவர் நிற்கட்டும். இப்போது மூன்று நிமிடம் அசையாமல் ஓடினால் குற்றவாளி நீங்கள் தாண்டி வந்த அந்த நான்கைந்து பொருள்களில் ஒன்று. அதற்குள் நீர் வெப்பம் 80 பாகையைத் தொட்டால் சோதனையை நிறுத்திவிடுங்கள். நிற்கும் விமானத்தில் ரேடியேட்டருக்குக் காற்று போதாது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் இதே இனத்தைச் சேர்ந்த இரட்டைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் என்ஜின் ஒன்று என் கையில் பதினோரு நாள் தண்ணி காட்டியது. பில்டர் புதியது. டேங்க் பளபளப்பு. பம்பின் டயாபிரம், அதாவது உள்ளே அசையும் சவ்வு, புதியது. ஹோஸ்களும் புதியவைதான், பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் மீட்டர் கணக்கில் வாங்கியவை; கடைப் பெயர் வேண்டாம். ஹோஸை வாயில் வைத்து ஊதினால் காற்று தாராளமாகப் போனது. அதனால் அது நல்லது என்று பதினோரு நாளும் நம்பினேன். பன்னிரண்டாம் நாள் காலையில், வேறு வழி தெரியாமல், பிளேடை எடுத்து அந்த ஹோஸை நீளவாட்டில் கிழித்தேன். மேல்தோல் கறுப்பாக, விறைப்பாக, குறையில்லாமல் இருந்தது. உள்தோல் ஊறிப் பெருத்து, வளைவு ஒன்றில் வெளித்தோலை விட்டுப் பிரிந்து, நாக்கு போலத் தொங்கிக்கொண்டிருந்தது. ஊதும்போது அந்த நாக்கு சுவரோடு ஒட்டிக்கொள்ளும், வழி திறந்திருக்கும். உறிஞ்சும்போது எழுந்து வழியை மறைக்கும். ஊறிப்போன காகித ஸ்ட்ராவால் இளநீர் குடித்துப் பாருங்கள், புரியும். மெதுவாக உறிஞ்சினால் வரும். வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளும். என்ஜினும் அதையேதான் செய்தது: மெதுவாக ஓடினால் நலம், முழு வேகத்தில் மூச்சடைப்பு. அன்றிலிருந்து ஹோஸை ஊதிச் சோதிப்பதை விட்டுவிட்டேன். சந்தேகம் வந்தால் வெட்டிவிடுவேன்.

அந்த உள்தோல் ஊறியதற்குக் காரணம் எத்தனால். இன்று நம் பங்க்குகளில் கிடைப்பது இருபது விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். உங்கள் என்ஜின் வடிவமைக்கப்பட்ட காலத்தில் இவ்வளவு எத்தனாலை நம் ஊரில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இதில் மூன்று தொல்லைகள். ஒன்று, பழைய வகை ரப்பரையும் சில பசைகளையும் ஊற வைக்கும், இறுகவும் வைக்கும். பைபர் கண்ணாடியில் செய்த டேங்க் என்றால் பிசினைக் கரைத்து, கோந்து போன்ற ஒன்றைப் பில்டருக்கு அனுப்பிவைக்கும். இரண்டு, எத்தனாலுக்கு எரிய வேண்டிய காற்றின் அளவு குறைவு: ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும் என்றால் எத்தனாலுக்கு 9 போதும். அதே ஜெட், அதே ஓட்டம் என்றால் கலவை சற்று மெலிந்துவிடும், அதாவது எரிபொருளுக்குத் தேவையானதைவிடக் காற்று கூடிவிடும். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் மெலிந்த கலவை என்றால் சூடான பிஸ்டன். மூன்றாவதுதான் நம் ஊருக்கே உரியது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். எண்ணூர்க் காற்றில் ஈரத்துக்கு என்ன குறை? ஓரளவு வரை தண்ணீர் பெட்ரோலோடு கரைந்தே நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. அளவு மீறியதும் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பிரிந்து அடியில் போய்ப் படுத்துவிடும். டேங்கின் உறிஞ்சுகுழாய் இருப்பதும் அடியில்தான்.

இதை அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். அளவுக் கோடு போட்ட, மூடியுள்ள கண்ணாடிக் குழாய் ஒன்று வாங்குங்கள். பத்து மில்லி கோடு வரை தண்ணீர். அதன்மேல் நூறு மில்லி கோடு வரை, 2T ஆயில் கலக்காத பெட்ரோல். மூடி, நன்றாகக் குலுக்கி, நிமிர்த்தி வைத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். தண்ணீரின் மேல்மட்டம் பத்திலேயே நின்றால் எத்தனால் இல்லை. இருபத்தெட்டு வரை ஏறியிருந்தால், தண்ணீர் பெட்ரோலிலிருந்து பதினெட்டு மில்லி எத்தனாலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்று பொருள். தொண்ணூறு மில்லி பெட்ரோலில் பதினெட்டு என்றால் இருபது விழுக்காடு. முதல்முறை இதைச் செய்யும்போது அந்தக் கோடு ஏறி நிற்பதைப் பார்ப்பது, பெட்ரோல் பங்க் பலகையைப் படிப்பதை விட உறைக்கும்.

எனவே எத்தனாலுக்குத் தாங்கும் என்று அச்சிட்ட எரிபொருள் ஹோஸை மட்டும் வாங்குங்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆயில் கலந்து இரண்டு வாரம் ஆன பெட்ரோலை விமானத்தில் ஊற்றாதீர்கள். கேனைப் பாதியில் விடாமல் நிறைத்து வையுங்கள். இன்னொன்று: கேன் எங்கிருந்து வந்தது? நம் கடற்கரைப் பட்டறைகளில் அவுட்போர்டு மோட்டார்கள் மண்ணெண்ணெயிலும் ஓடுகின்றன. இரவல் வாங்கிய கேனின் அடியில் அரை லிட்டர் மண்ணெண்ணெய் இருந்தால் மூக்கு கண்டுபிடிக்காமல் போகலாம், பிஸ்டன் கண்டுபிடித்துவிடும். நேரங்கெட்டு வெடிக்காமல் தாங்கும் திறன் கலவைக்குக் குறைந்து, முழு வேகத்தில் பிஸ்டன் தலையைச் சுத்தியலால் அடிப்பது போல அடிக்கும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். உப்பு தூவியது போல வெள்ளிப் பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அப்போதே நிறுத்திவிட வேண்டும். விமானத்துக்கென்று தனிக் கேன் வைத்து, பெயர் எழுதி, பூட்டி வையுங்கள்.

ஆயில் பற்றியும் ஒரு வார்த்தை. ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 20 மில்லி. "கொஞ்சம் கூடப் போட்டால் பாதுகாப்புதானே" என்று நம் பக்கத்தில் கைதாராளமாக ஊற்றுவார்கள். ஜெட் வழியாகப் போவது அளவான திரவம். அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும். கூடுதல் ஆயில் கலவையை மெலிய வைக்கும் என்பதை அப்பாவிடம் நிரூபிக்க எனக்கு இரண்டு பிஸ்டன் ஆயிற்று.

உருண்டை சப்பவில்லை, அமுக்கினால் தெளிகிறது என்றால் பம்ப். உங்கள் பம்புக்குச் சொந்தமாக மோட்டார் கிடையாது. என்ஜினின் அடிப்பெட்டிக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும்போது உண்டாகும் அழுத்தத் துடிப்பை ஒரு சிறு குழாய் பம்புக்குக் கொண்டுபோகிறது. அந்தத் துடிப்பில் டயாபிரம் அசைகிறது. துடிப்பைக் கொண்டுபோகும் குழாய் விறைப்பாக, அரை மீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த இடத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் தெரிகிறது. காலை ஆறு மணிக்கு அது விறைப்பாகத்தான் இருக்கும். அக்னி நட்சத்திர நண்பகலில், என்ஜின் சூட்டில், வெந்த சேமியா போலாகிவிடும். துடிப்பைப் பம்புக்குக் கொடுக்காமல் தானே விம்மி விம்மித் தின்றுவிடும். அதை இன்றே எடுத்துவிட்டு முறையான குழாயைப் போடுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் என்று சொன்ன நானே இதில் விலக்கு அளிக்கிறேன், ஏனென்றால் அது அங்கே இருக்கவே கூடாது. குழாயின் தாழ்வான வளைவில் ஆயில் தேங்கினாலும் துடிப்பு செத்துவிடும். பம்ப் சற்று மேலே, குழாய் பம்பிலிருந்து என்ஜினை நோக்கி இறங்குமுகமாக இருக்கட்டும்.

பெட்ரோல் ஒழுகவில்லை, அதனால் கசிவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பம்புக்கு முந்தைய பக்கம் உறிஞ்சும் பக்கம். அங்கே இணைப்பு தளர்ந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். சோதனைக்காக மட்டும் பம்புக்கு முன்னால் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாயை ஒரு சாண் பொருத்தி, குமிழி வருகிறதா என்று தொலைவிலிருந்து பாருங்கள். குமிழி வந்தால் இரண்டு காரணம்: கசிவு, அல்லது சூட்டில் பெட்ரோல் ஆவியாவது. காலையில் இல்லாமல் நண்பகலில் மட்டும் வந்தால் ஆவி. நோட்டுப் புத்தகத்தில் வெயிலையும் எழுதச் சொன்னது அதற்குத்தான். ஹோஸைச் சைலன்சரிடமிருந்து விலக்கி, தீத்தாங்கும் உறை போட்டால் போதும்.

எல்லாம் சரியான பிறகு ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். வீட்டில் விமானம் கட்டுபவர்களில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தரையில் சமமாக நிற்கும் விமானம் வேறு, மூக்கைத் தூக்கி ஏறும் விமானம் வேறு. உங்கள் டேங்க் இருக்கைக்குப் பின்னால் தாழ்வாக இருக்கிறது. ஏறும்போது டேங்கின் உறிஞ்சுகுழாய் வாய்க்கும் பெட்ரோல் மட்டத்துக்கும் உள்ள உறவே மாறிவிடும். மூக்குச் சக்கரத்தின் கீழே பலகைகளை அடுக்கி, நீங்கள் ஏறப்போகும் கோணத்துக்கு மேல் ஐந்து பாகை கூடுதலாக நிமிர்த்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்துக் கட்டுங்கள். டேங்கில் குறைந்த அளவு பெட்ரோல் மட்டும் இருக்கட்டும். மின்பம்ப் இருந்தால் அதை ஓடவிட்டு, கார்புரேட்டர் வாயில் ஹோஸைக் கழற்றி, அளவுக் குடுவையில் ஒரு நிமிடம் பிடியுங்கள். பம்ப் வைத்த அமைப்பில் என்ஜின் கேட்பதைவிட நூற்றுக்கு இருபத்தைந்து கூடுதலாக வர வேண்டும் என்பது விமான உலகத்தின் பழைய கணக்கு. உங்களுக்கு 450 தேவை என்றால் குடுவையில் 560 மில்லிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மின்பம்ப் இல்லாவிட்டால், அதே கோணத்தில் கட்டிவைத்தபடியே முழு த்ராட்டிலில் மூன்று நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு சிலிண்டர் மட்டும் சூடானால், வேறு இடம் பார்க்க வேண்டும். கார்புரேட்டரையும் என்ஜினையும் இணைக்கும் ரப்பர்க் கழுத்து வெடித்திருக்கும். என்ஜினை நிறுத்தி, கழுத்தைக் கையால் மடக்கிப் பார்த்தால் வெடிப்பு வாய் திறக்கும். என்ஜின் அச்சைச் சுற்றியுள்ள அடைப்பு வளையம், கிராங்க் சீல், தேய்ந்து காற்றை உறிஞ்சலாம்; அதற்கு அடைத்து அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை தெரிந்தவரிடம் போங்கள். சைலன்சரைக் கழற்றி, அந்தத் துளை வழியாகப் பிஸ்டனின் பக்கத்தைப் பாருங்கள். 680 பாகையை எத்தனை முறை தொட்டீர்களோ தெரியாது. நெடுக்குக் கீறல் இருந்தால் மேற்கொண்டு ஓட்டக் கூடாது. மரக்குச்சியால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கை மெல்ல அழுத்துங்கள். துள்ளித் திரும்பினால் நலம், ஒட்டிக்கொண்டிருந்தால் கரி.

இக்னிஷன் பற்றி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும், இதில் உயிர் இருக்கிறது. இந்த என்ஜினில் சுவிட்சை அணைப்பது என்றால் மின்சாரத்தைத் துண்டிப்பது அல்ல. இக்னிஷன் கம்பியைச் சட்டத்தோடு சேர்ப்பது. அந்தக் கம்பி அறுந்தாலோ, முனையில் களிம்பு பிடித்தாலோ, சுவிட்ச் அணைந்திருந்தும் என்ஜின் உயிரோடு இருக்கிறது. கையால் ப்ரொப்பெல்லரை ஒரு சுற்று சுற்றினால் போதும், பற்றிக்கொள்ளும். ராயபுரத்திலிருந்து பழவேற்காடு வரை இந்தக் கரையில் செம்பு முனை ஒரு மழைக்காலம் தாண்டினால் பச்சை படியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து மசகு பூசுங்கள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்து, இரண்டும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். எப்படியிருந்தாலும், நிற்கும் ப்ரொப்பெல்லரையும் ஓடும் ப்ரொப்பெல்லராகவே நினைத்துப் பழகுங்கள். வாலைக் கட்டும் கயிறு பழைய மீன்வலைக் கயிறாக இருக்க வேண்டாம். வெயிலில் நொந்த நைலான் இழுக்கும்போது தெரியாது, அறும்போதுதான் தெரியும்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், "கொஞ்சம் திணறினாலும் 5,400 சுற்றில் பறந்துவிட முடியாதா" என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்ததும்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். ஒன்றரை நிமிடத்தில் நீங்கள் ஓடுதளத்தைத் தாண்டி, திரும்பவும் முடியாத, இறங்கவும் இடமில்லாத உயரத்தில் இருப்பீர்கள். அங்கே சக்தி விழுந்தால் கை தானாகத் திரும்பி ஓடுதளத்துக்குப் போகப் பார்க்கும். அந்தத் திருப்பத்தில் வேகம் செத்து விமானம் கவிழ்வதுதான் வழக்கமான முடிவு. மூக்கைத் தாழ்த்தி, எதிரே இருப்பதில் நல்லதைப் பார்த்து இறங்க வேண்டும். உங்களுக்கு எதிரே இருப்பது வீடுகளும் மின்கம்பிகளும். இந்த என்ஜினைச் செய்தவர்களே, இது எப்போது வேண்டுமானாலும் திடீரென்று நின்றுபோகலாம் என்று கையேட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் என்ஜினுக்கே அந்த எச்சரிக்கை.

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பதிவும் பறக்கும் அனுமதியும் இல்லாமல் ஓர் அடிகூட எழும்பக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அனுமதிக்கு அலைவது கசப்புதான். ஆனால் ஒரு பக்கம் மணலி ஆலைகள், ஒரு பக்கம் எண்ணூர்த் துறைமுகம், தெற்கே மீனம்பாக்கம் என்று இருக்கிற இடத்தில் கேட்காமல் எழும்பினால் என்ஜின் கோளாறு உங்கள் கவலைகளில் மிகச் சிறியதாக இருக்கும். நம் ஊருக்கு இந்தப் பைத்தியம் புதிதல்ல. 1910-இல் டி ஏஞ்சலிஸ் என்ற மவுண்ட் ரோடு ஓட்டல்காரர், சொந்தமாகத் திட்டமிட்டு, சிம்ப்சன் பட்டறையில் விமானம் கட்டி, பல்லாவரத்தில் சோதித்து, தீவுத்திடலில் ஊர்கூட்டிக் காட்டினார். அவரும் முதலில் சோதித்துவிட்டுத்தான் கூட்டத்தைக் கூப்பிட்டார்.

வரும் ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன், இந்த வரிசையில் செய்யுங்கள்: பழைய ஜெட், புதிய துடிப்புக் குழாய், உருண்டை, டேங்க் மூடி, தனிக் கேன். எங்கே நோய் மறைகிறதோ அங்கே நின்றுவிடுங்கள். தனிக் கேனில் மறைந்தால், பில்டருக்கு முன்னால் இரண்டு வளைவு எடுக்கிறதே ஒரு கறுப்பு ஹோஸ், அதைக் கழற்றி நீளவாட்டில் கிழித்து, வெள்ளைத் தாளின்மேல் விரித்து வைத்து ஒரு படம் அனுப்புங்கள்.